நோடில் ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஏன் இவ்வளவு சின்னது, எந்தப் பேக்கேஜை நம்பிச் சேர்ப்பது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: பைத்தானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது, ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்கு வந்திருக்கிறீர்கள். சின்னதாக ஒரு ஏபிஐ எழுத எக்ஸ்பிரஸ், ஆக்சியோஸ், டாட்என்வ், யூயூஐடி, மொமென்ட், லோடாஷ், பிக்ரிப்ட், பிஜி, ஜெஸ்ட், நோட்மான், ரிம்ராஃப் என்று பதினோரு பேக்கேஜ் சேர்த்தீர்கள். பேக்கேஜ்கள் வந்து சேரும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. "இந்த மொழியோடு கூடவே வருகிற, உருப்படியான ஒரு ஸ்டாண்டர்ட் லைப்ரரி கிடையாதா? இத்தனை பேரை எப்படி நம்புவது?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேலைக்கு உடனே தேவைப்படுவது இரண்டாவதுதான். ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால், அது வெறும் பேக்கேஜ் பட்டியலாகி அடுத்த வருடமே பழசாகிவிடும். அதனால் முதலில் காரணத்தைச் சொல்கிறேன். பல வருடமாக சர்வர் பக்கம் நோடில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பிரவுசர் பக்கத்து பில்ட் கருவிகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பைத்தானில் மொழியும் லைப்ரரியும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி இல்லை. மொழியின் இலக்கணத்தை வகுப்பது எக்மா என்ற தரநிர்ணய அமைப்பின் டிசி39 குழு. அவர்கள் தருவது அர்ரே, மேப், டேட், பிராமிஸ், ஜேசன் போன்றவை வரைதான். ஃபைல் திறப்பது, சாக்கெட் திறப்பது எல்லாம் அந்த ஆவணத்திலேயே கிடையாது. 1995இல் பிரவுசருக்குள் பிறந்த மொழி இது. வெளியுலகத்தோடு பேசுவது தன்னை ஓட்டுகிற ரன்டைமின் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே விடப்பட்டது. நோட் அப்படிப்பட்ட ஒரு ரன்டைம், அது தனித் திட்டம். பேக்கேஜ்கள் இருக்கும் என்பிஎம் ரெஜிஸ்ட்ரியோ இன்னொரு கை, 2020 முதல் கிட்ஹப்பின் வசம் இருக்கிறது. ஆக மூன்று வீடு. நீங்கள் பார்க்கிற குழப்பத்தில் பெரும்பகுதி இந்தப் பிரிவினையிலிருந்து வருகிறது.

சர்வர் ஜாவாஸ்கிரிப்டுக்குப் பொதுவான ஒரு லைப்ரரி வேண்டும் என்று யாரும் நினைக்காமல் இல்லை. 2009 ஜனவரியில் கெவின் டங்கூர் அதற்காகவே ஒரு முயற்சியைத் தொடங்கினார். சர்வர்ஜேஎஸ் என்று ஆரம்பித்து, அதே வருடம் காமன்ஜேஎஸ் என்று பெயர் மாறியது. ஃபைல், பைனரி டேட்டா, பேக்கேஜ் என்று பல விஷயங்களுக்கு வரைவுகள் எழுதப்பட்டன. அதில் நிலைத்து நின்றது பெரும்பாலும் மாட்யூல் முறை மட்டும்தான், அதாவது இன்றும் நாம் எழுதுகிற ரெக்வயர். அதே வருடம் நவம்பரில் பெர்லினில் ரயன் டால் நோடை அறிமுகப்படுத்தினார். குரோமின் வி8 எஞ்சினை எடுத்து, காத்திருக்காத ஐ/ஓவை அதோடு சேர்த்தார். உள்ளே வைத்தவை ஃபைல், நெட்வொர்க், எச்டிடிபி, ஸ்ட்ரீம், கிரிப்டோ, பிராசஸ் போன்ற அடிப்படைகள். மற்றவற்றை வெளியே இருப்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. 2010இல் ஐசக் ஷ்லூட்டர், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மைக் கொண்டுவந்தார். அடுத்த வருடக் கடைசியில் அது நோடோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது.

அந்த முடிவு சோம்பேறித்தனம் இல்லை. கோருக்குள், அதாவது நோடோடு கூடவே வரும் பகுதிக்குள், ஒன்று நுழைந்துவிட்டால் அதை வெளியே எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். இதைப் பார்க்க ஃபைல்களைக் கையாளும் நோடின் எஃப்எஸ் மாட்யூலைத் திறந்தாலே போதும். ஒரு ஃபைலைப் படிக்க மூன்று வழி இருக்கும்: கால்பேக் கேட்கும் ரீட்ஃபைல், ரீட்ஃபைல்சிங்க், பிறகு பிராமிஸ் தரும் ரீட்ஃபைல். பிராமிஸ் மொழிக்குள் வந்தது 2015இல், எஃப்எஸ் வடிவமைக்கப்பட்டது அதற்குப் பல வருடம் முன்னால். பழையதை எடுத்தால் உலகம் முழுக்க எழுதியிருக்கும் நிரல் (கோடு) உடையும், அதனால் மூன்றும் நிற்கின்றன. டொமைன் என்ற மாட்யூல் பல வருடமாக 'பயன்படுத்தாதீர்கள்' என்ற குறிப்போடு இன்னும் உள்ளேயே கிடக்கிறது. யூஆர்எல்.பார்ஸின் கதையும் அதேதான். பைத்தான்காரர் என்பதால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2024 அக்டோபரில் வந்த 3.13இல்தான் சிஜிஐ, டெல்நெட்லிப் போன்ற பழைய மாட்யூல்களைக் கழற்றினார்கள். 2010இல் நோட் ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கையும் தேதி லைப்ரரியையும் உள்ளே சேர்த்திருந்தால், இன்று நாம் அதைச் சுமந்துகொண்டு அதற்கு மேல் வேறொன்றைப் போட்டுக்கொண்டிருப்போம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கோர் சின்னதாக இருப்பது மட்டும் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களுக்குக் காரணமாகாது. பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் இருக்கிறது. பைத்தானில் ஒரு என்விரான்மென்டில் ஒரு பேக்கேஜுக்கு ஒரு வெர்ஷன்தான். ஏ என்பது எக்ஸின் 1ஐயும், பி என்பது எக்ஸின் 2ஐயும் கேட்டால், நிறுவும் கருவியான பிப் நின்றுவிடும். அந்த வலி தெரிந்தவர் என்பதால் பைத்தானில் லைப்ரரி எழுதுகிறவர் டிபென்டன்சி, அதாவது தன் லைப்ரரி சார்ந்திருக்கும் வேறொரு பேக்கேஜ், சேர்க்கவே யோசிப்பார். நோடில் ஒவ்வொரு பேக்கேஜும் தனக்குள் ஒரு நோட்_மாட்யூல்ஸ் வைத்துக்கொள்ளலாம். எக்ஸின் இரண்டு வெர்ஷனும் ஒரே பிராசஸில் சண்டையில்லாமல் ஓடும். இது உண்மையிலேயே அருமையான வடிவமைப்பு, வெர்ஷன் மோதலால் ஒரு வாரம் வீணாகிறவர்களைக் கேட்டால் அருமை தெரியும். ஆனால் சேர்ப்பதில் வலி இல்லை என்றதும் கூச்சமும் போய்விட்டது. ஒரு எண் ஒற்றைப்படையா என்று பார்க்க ஒரு பேக்கேஜ், அது எண்தானா என்று பார்க்க அதற்குள் இன்னொரு பேக்கேஜ் என்று போனது இதனால்தான் என்பது என் கணிப்பு. பிரவுசருக்கு அனுப்பும் கோடு சிறியதாக இருக்கவேண்டும் என்ற அக்கறையும் சேர்ந்துகொண்டது.

சரி, நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் 2016 மார்ச் லெஃப்ட்-பேட் சம்பவத்தைச் சொல்வார்கள். ஒரு ஸ்ட்ரிங்கின் இடப்பக்கம் எழுத்து நிரப்பும் 11 வரிக் கோடு. பெயர்ச் சண்டை ஒன்றில் கோபப்பட்ட ஆசிரியர் தன் பேக்கேஜ்களையெல்லாம் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்துவிட, பேபல் என்ற பிரபலமான கருவி உள்பட அதைச் சார்ந்திருந்த பலவற்றை நிறுவ முடியாமல் போனது. சில மணி நேரத்தில் சரிசெய்தார்கள். பிறகு, மற்ற பேக்கேஜ்கள் சார்ந்திருக்கும் ஒன்றை ஆசிரியர் நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாதபடி விதியை மாற்றினார்கள். அடுத்த வருடமே அதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் மொழிக்குள் வந்துவிட்டது. அதனால் 'பேக்கேஜ் காணாமல் போகும்' என்ற பயம் இன்று பெரிதாகத் தேவையில்லை. பேட்ஸ்டார்ட் பற்றி தமிழ் டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: அது யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. டெர்மினலில் பத்திகள் கோணலாக நிற்கும். இன்ட்ல்.செக்மென்டர் நோடிலேயே இருக்கிறது, எழுத்துகளை அதைக் கொண்டு எண்ணுங்கள்.

பயப்படவேண்டியது வேறு. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அதை எழுதியவர் அதில் ஆர்வமிழந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்தார், ஆசிரியர் வெளியிடும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டார். வந்தவர் நேரடியாக எதையும் கெடுக்கவில்லை. ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற புது டிபென்டன்சியை மட்டும் சேர்த்தார். அதற்குள் மறைகுறியாக்கிய ஒரு துண்டுக் கோடு இருந்தது. அதைத் திறக்கும் சாவி, நிறுவப்படுகிற மூலத் திட்டத்தின் விவரிப்பு வரி. குறிப்பிட்ட ஒரு பிட்காயின் வாலட் ஆப்பின் விவரிப்பு வரி இருந்தால்தான் கோடு விழிக்கும். மற்ற எல்லோருடைய கணினியிலும் அது ஒன்றும் செய்யாது, அதனால் எந்த டெஸ்டிலும் தெரியவில்லை. 2025 செப்டம்பரில் இன்னொரு வழி. என்பிஎம் உதவிப் பிரிவிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொல்லி. அதை நம்பிய ஒரு மெயின்டெய்னரின் (பேக்கேஜைப் பராமரிப்பவரின்) கணக்கு வழியாக சாக், டீபக் உள்பட 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் கோடு ஏறியது. அவற்றின் வாராந்திர டவுன்லோடு சேர்த்து 200 கோடிக்கு மேல். அதே மாதம், நிறுவும்போதே ஓடி, பாஸ்வேர்ட் போலப் பயன்படும் டோக்கன்களைத் திருடி, அந்த டோக்கனைக் கொண்டே அடுத்த பேக்கேஜுக்குப் பரவும் ஒரு வார்மும் வந்தது.

இந்தச் சம்பவங்களில் எதிலும் பேக்கேஜ் மோசமாக எழுதப்படவில்லை. எழுதியவர்கள் திறமையான, பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் உழைக்கிற மனிதர்கள். நீங்கள் ஒரு டிபென்டன்சி சேர்க்கும்போது உள்ளே விடுவது அதன் ஆசிரியர், அவர் நாளை உரிமை கொடுக்கப்போகிறவர், அவருடைய பாஸ்வேர்டைத் திருடப்போகிறவர் ஆகிய எல்லோரையும். கோடின் அளவு இங்கே பொருட்டே இல்லை. டெர்மினலில் நான்கு வரியை வண்ணத்தில் காட்டுவதற்காக அந்தக் கதவைத் திறந்துவைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதுதான் சரியான கேள்வி.

நல்ல செய்தி, அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இன்று வசதி இருக்கிறது. கடந்த சில வருடங்களில் நோட் தன் பழைய கொள்கையைத் தளர்த்தியிருக்கிறது. 2022இல் வந்த நோட் 18இல், எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் உள்ளேயே வந்தது, டெஸ்ட் ரன்னரும் வந்தது. டெஸ்ட் ரன்னர் 20இல் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. அமைப்பு மாறிகளை ஒரு ஃபைலிலிருந்து படிக்கும் --என்வ்-ஃபைல் 20.6இல் வந்தது. கோடு மாறினால் தானாக மறுபடி ஓட்டும் --வாட்ச், கமாண்ட்லைன் ஆப்ஷன்களைப் பிரிக்கும் பார்ஸ்ஆர்க்ஸ், வண்ணத்துக்கு ஸ்டைல்டெக்ஸ்ட், ரேண்டம்யூயூஐடி, ஸ்ட்ரக்சர்ட்குளோன், ஃபோல்டரை உள்ளே உள்ளதோடு அழிக்கும் ஆர்எம் எல்லாமே உள்ளே இருக்கின்றன. 22இல் வெப்சாக்கெட் கிளையன்ட் வந்தது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸும் அந்த வரிசையில் சேர்க்கப்பட்டது, ஆனால் சோதனை நிலையில் வந்த ஒன்று என்பதால் பணம் புழங்கும் இடத்தில் அதை நான் இன்னும் வைக்கமாட்டேன். இவற்றில் சில பழைய பெயரில் கிடைக்காது, நோட் என்று முன்னால் போட்டு கோலன் வைத்துத்தான் இம்போர்ட் செய்யவேண்டும். டெஸ்ட் அப்படித்தான். முன்னொட்டை மறந்து வெறும் டெஸ்ட் என்று எழுதினால் நோட் அதே பெயரில் ஒரு என்பிஎம் பேக்கேஜைத் தேடும். எல்லா உள் மாட்யூலுக்கும் முன்னொட்டோடு எழுதப் பழகிவிடுங்கள். எது வீட்டுப் பொருள், எது வெளியே வாங்கியது என்பது இம்போர்ட் வரிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி உங்கள் பதினோரு பேக்கேஜ். யூயூஐடியை எடுத்துவிடலாம், ரேண்டம்யூயூஐடி போதும், நேரத்தை வைத்து வரிசைப்படும் ஏழாம் வகை தேவைப்பட்டால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரிம்ராஃபும் (ஆர்எம் போதும்) நோட்மானும் (--வாட்ச் போதும்) போகலாம். டாட்என்வ் போகலாம், --என்வ்-ஃபைல் போதும், ஆனால் ஒரு மாறிக்குள் இன்னொரு மாறியை விரித்து எழுதும் வழக்கம் உங்கள் ஃபைலில் இருந்தால் அது இங்கே நடக்காது, முதலில் பார்த்துவிடுங்கள். ஆக்சியோஸை ஃபெட்சாக மாற்றுவதில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்சியோஸ் 404, 500 வந்தால் எர்ரர் எறியும். ஃபெட்ச் எறியாது, ஓகே என்ற புலத்தை நீங்கள்தான் பார்க்கவேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு டிரை-கேட்சை அப்படியே விட்டால், எதிர்முனை 500 அனுப்பும்போது உங்கள் கோடு அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். நேர வரம்புக்கு அபார்ட்சிக்னல்.டைம்அவுட்டைக் கையோடு கொடுங்கள். பதிலின் உடலைப் படிக்காமல் விடாதீர்கள், கனெக்‌ஷன்கள் விடுபடாமல் தேங்கும். இருபது வரியில் உங்களுக்கென்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுவது நல்லது.

லோடாஷில் நீங்கள் எதை அழைக்கிறீர்கள் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் குளோன்டீப், குரூப்பை, கெட் ஆகிய மூன்றுதான் இருக்கும். கெட்டுக்கு மொழியிலேயே உள்ள கேள்விக்குறிப் புள்ளி (?.) போதும். குரூப்பைக்கு நோட் 21 முதல் ஆப்ஜெக்ட்.குரூப்பை இருக்கிறது. குளோன்டீப்புக்கு ஸ்ட்ரக்சர்ட்குளோன் உண்டு, ஆனால் ஆப்ஜெக்டுக்குள் ஃபங்ஷன் இருந்தால் எர்ரர் தரும், கிளாஸ் அடையாளமும் கழன்றுவிடும். மொமென்டைப் பற்றி அதைச் செய்தவர்களே 2020இல் புதிய வசதிகள் வராது, வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தேதியைக் காட்டுவது மட்டும் வேலை என்றால் இன்ட்ல்.டேட்டைம்ஃபார்மட் போதும். நோட் 13 முதல் எல்லா மொழித் தகவலும் கூடவே வருவதால் இந்திய நேரத்தில் தமிழ் மாதப் பெயரோடுகூட எழுதித் தரும். நேர மண்டலத்தோடு கணக்குப் போடவேண்டும் என்றால் லக்சான் போல ஒரு தேதி பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் கைவேலை வேண்டாம்.

பாஸ்வேர்டைப் பாதுகாப்பாகச் சேமிக்க உதவும் பிக்ரிப்ட் இருக்கட்டும், அதை மாற்றாதீர்கள். கிரிப்டோ மாட்யூலில் எஸ்-கிரிப்ட் (scrypt) என்ற பாஸ்வேர்ட் ஹேஷ் முறை இருக்கிறது, புதுத் திட்டம் என்றால் அதையே சொல்வேன். ஆனால் உங்கள் டேட்டாபேஸில் ஏற்கெனவே பயனர்களின் பாஸ்வேர்ட் பிக்ரிப்ட் வடிவில் இருக்கும். மாற்றவேண்டுமானால் ஒவ்வொருவரும் லாகின் செய்யும்போது பழையதைச் சரிபார்த்துப் புதியதாக எழுதவேண்டும், அதுவரை இரண்டும் ஓடவேண்டும். ஒரு பேக்கேஜைக் குறைப்பதற்காக அந்த வேலையை இழுத்துக்கொள்வது சரியில்லை. பிஜி இருக்கட்டும், போஸ்ட்கிரெஸ் டிரைவரை யாரும் வீட்டில் எழுதுவதில்லை. எக்ஸ்பிரஸும் இருக்கட்டும். நோடின் எச்டிடிபி மாட்யூலில் ரவுட்டிங்கும் இல்லை, உடலைப் பிரித்துத் தருவதும் இல்லை. ஆனால் 4இல் இருந்தால் 5க்குப் போங்கள். 2014இல் வந்த 4க்கு அடுத்தது 2024இல்தான் வந்தது. அசிங்க் ஹேண்ட்லரில் விழும் எர்ரர் 5இல் தானாக எர்ரர் ஹேண்ட்லருக்குப் போகும், 4இல் போகாது.

புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். நாம் ஓட்டும் நோட் வெர்ஷனின் ஆவணத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா? இல்லையென்றால் டெஸ்டோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் நானே எழுதிவிடக்கூடியதா? இங்கே ஒரு எச்சரிக்கை: கிரிப்டோ, சிஎஸ்வி பிரிப்பது, எச்டிஎம்எல் சுத்தம் செய்வது, மல்டிபார்ட் அப்லோடு ஆகியவை எளிதாகத் தெரியும், ஆனால் எளிதில்லை. அவற்றுக்குப் பேக்கேஜே எடுங்கள். எடுக்கும்போது அது தன்னோடு எத்தனை பேரை இழுத்துவருகிறது, வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது, நிறுவும்போது ஏதாவது ஸ்கிரிப்ட் ஓட்டுகிறதா என்று பாருங்கள். டவுன்லோடு எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் பெரும்பகுதி வேறு பேக்கேஜ்கள் வழியாகத் தானாக வருவது. கடைசி ரிலீஸ் மூன்று வருடம் முன்பு என்பதும் என்னைப் பயமுறுத்தாது, சின்ன பேக்கேஜ் முடிந்துபோன வேலையாக இருக்கலாம்.

சர்வரில் எப்போதும் என்பிஎம் சிஐ கொண்டே நிறுவுங்கள். வெர்ஷன்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் இருப்பதை மட்டும் எடுக்கும், பேக்கேஜ்.ஜேசனோடு பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நிறுவும் ஸ்கிரிப்டுகளை --இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் போட்டு நிறுத்திவிட்டு, பிக்ரிப்ட் போல உண்மையில் தேவைப்படுவதற்கு மட்டும் தனியாக அனுமதியுங்கள். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் என்ற கருவி, 10 முதல் இதை இயல்பாகவே செய்கிறது. புது வெர்ஷன் வெளிவந்து சில நாள் ஆன பிறகே எடுக்கும் அமைப்பும் அதில் உண்டு. 2025 செப்டம்பரின் சாக், டீபக் சம்பவத்தில் கெட்ட வெர்ஷன்கள் சில மணி நேரத்தில் பிடிபட்டன, ஒரு வாரம் காத்திருந்த யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஈவென்ட்-ஸ்ட்ரீம் மாதிரி மாதக்கணக்கில் தெரியாமல் கிடப்பதை இந்தக் காத்திருப்பு தடுக்காது. இது முழுக் காப்பு இல்லை.

டெனோ, பன் என்ற மாற்று ரன்டைம்களுக்குப் போய்விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டெனோவையும் தொடங்கியவர் ரயன் டால்தான். 2018இல் நோடில் தான் வருந்தும் விஷயங்களை மேடையில் பட்டியலிட்டுவிட்டு அதை அறிவித்தார். ஃபைல், நெட்வொர்க் அனுமதியை வெளிப்படையாகக் கேட்பதும், கோருக்கு வெளியே தனி வெர்ஷனோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் எனக்குப் பிடித்தவை. உள்ளே வைத்தால் எடுக்க முடியாது என்ற பிரச்சினைக்கு அதுதான் நான் பார்த்ததில் நேர்மையான விடை. 2023இல் 1.0 வந்த பன் எல்லாவற்றையும் உள்ளேயே வைக்கும் கட்சி. இரண்டுமே கடைசியில் என்பிஎம் பேக்கேஜ்களை ஓட்டும்படி வந்து சேர்ந்திருக்கின்றன, அதனால் ரன்டைம் மாறினாலும் நம்பிக்கைப் பிரச்சினை கூடவே வரும். அணியாக வேலை செய்யும் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கோடு இருக்கும்போது நோடிலேயே இருங்கள் என்பேன். ஃபெட்ச், யூஆர்எல், வெப் ஸ்ட்ரீம், வெப் கிரிப்டோ போன்றவை மூன்றிலும் ஒன்றுபோல இயங்கும். தேர்வு இருக்கும் இடத்தில் அவற்றை எடுத்தால் நாளைக்கு மாறுவது சுலபம்.

உங்கள் திட்டத்தில் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதல் நாள் ரிம்ராஃப், நோட்மான், யூயூஐடி, டாட்என்வ். அப்புறம் லோடாஷ், மொமென்ட். அவை ஓடி நிலைத்த பிறகு ஆக்சியோஸ், ஒவ்வொரு அழைப்பாக. டெஸ்ட் கருவியான ஜெஸ்டைக் கடைசிக்கு வையுங்கள். உங்கள் ஃபோல்டரில் இருக்கும் கூட்டத்தில் பெரும்பங்கு அதனுடையதாகத்தான் இருக்கும். ஆனால் மாட்யூல் மாக்கிங் (டெஸ்டில் உண்மையான மாட்யூலுக்குப் பதில் போலி வைப்பது) அதிகம் பயன்படுத்தியிருந்தால் நோடின் டெஸ்ட் ரன்னரில் அந்தப் பகுதி இன்னும் முதிரவில்லை. பழைய டெஸ்டுகளை அப்படியே விட்டுவிட்டு, புதியவற்றை மட்டும் அதில் எழுதத் தொடங்குங்கள்.